புஷ்பம் பேசியதும், நான் சொல்லாமல் விட்டதும்

வேனிலிருந்து முதலில் இறங்கியது எமிலி. வினையே அங்கேதான் தொடங்கியது.

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் மாணிக்கம் தலைவர் கையில் மாலையோடு ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். தோட்டத்தில் தொழிற்சங்கத்துக்குத் தலைவர் அவர்தான். அமெரிக்காவிலிருந்து ஒரு பேராசிரியை வருகிறார், பெண்கள் அரசியலுக்கு வருவதைப் பற்றி ஆராய்கிறவர், தன் ஊர் நகர சபையில் தானே உறுப்பினராக இருந்தவர் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து நாற்காலி வந்திருந்தது. நாற்காலிக்கு வெள்ளைத் துணி. பூப்போட்ட கோப்பை ஒன்று, சாசருடன்.

எமிலி பேராசிரியையோடு வந்த மாணவி. பையைத் தூக்கிக்கொண்டு குறிப்பெடுக்க வந்த சின்னப் பெண். வெள்ளைத் தோல், செம்பட்டை முடி. வேறென்ன வேண்டும்? தலைவர் இரண்டே எட்டில் போய் மாலையைப் போட்டுவிட்டார். பெண்கள் கைதட்டினார்கள்.

அவளுக்குப் பின்னால், ஒடிந்த குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டு இறங்கியவர்தான் பேராசிரியை டெனிஸ். ஐம்பது வயதைத் தாண்டிய, நல்ல உயரமான, கறுப்பினப் பெண். ஒட்ட வெட்டிய நரைமுடி. தலைவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டீச்சர், அந்தம்மாவ சாமானெல்லாம் மடுவத்துக்குள்ள வைக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் நின்ற இடத்திலேயே பூமிக்குள் போயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். மொழிபெயர்க்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவளின் மகள் நான். படித்து, இங்கிலிஷ் டீச்சராகி, ஓய்வு பெற்று, தலவாக்கலை டவுனில் குடியிருக்கிறேன். தலைவர் சொன்னதை எப்படி மொழிபெயர்ப்பது?

டெனிஸுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. சிரித்துவிட்டார். "நான் சபைக்குப் போன முதல் நாள், ஒருவர் என்னிடம் வந்து காபி எப்போது கொண்டுவருவாய் என்று கேட்டார்" என்றார். எமிலி முகமெல்லாம் சிவந்து, மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டாள்.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அட, நம்ம ஆளு மாதிரியில்ல இருக்காங்க!"

அதுதான் புஷ்பம். மடுவமே சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

பவுடர் டின்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஹட்டனிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். "உங்க சின்ன வயசுப் படம் ஒண்ணு போடக்கூடாதா?" என்று கேட்டார். போடலாம் அம்மா, இருந்தால். பள்ளிக்கூடத்துக்குப் படம் பிடிக்க வந்தவர் "இந்தப் புள்ள படத்துல விழாது, ரொம்பக் கறுப்பு" என்று என்னைப் பின்வரிசைக்குத் தள்ளினார். அப்படியே விழாமல் போனேன்.

அம்மா என்னை வெளியில் அனுப்பும் முன் முகத்தில் பவுடரை அப்புவாள். அந்த வாசனை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது. என் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். பள்ளிக்கூடத்தில் எனக்குக் 'கறுப்பி' என்று பேர் வைத்தது எந்த வெள்ளைக்காரனும் இல்லை, எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள்தான். பெண் பார்க்க வந்த இரண்டு இடம் நிறத்தைச் சொல்லியே திரும்பிப் போனது. கடைசியில் வந்தவருக்குக் கண் கொஞ்சம் மங்கல் என்று நானே சொல்லிச் சிரிப்பதுண்டு. அவரும் சிரிப்பார்.

வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் எங்கள் தலைக்குள் இருக்கும் பங்களாவை அவர்கள் இன்னும் காலி செய்யவில்லை. தலைவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? வேன் கதவு திறந்தபோது நானும்தான் எமிலியைப் பார்த்துக் கும்பிட்டேன்.

இரண்டு அம்மாக்கள்

டெனிஸ் நாற்காலியில் உட்காரவில்லை. பெண்கள் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்; அவரும் அங்கேயே போய், நீளக் காலை மடக்கத் தெரியாமல் மடக்கி உட்கார்ந்தார். தலைவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் சுவரோரமாக பெஞ்சு.

தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். அமெரிக்காவின் தெற்கே ஒரு சின்ன ஊர். ஊருக்கு நடுவே ரயில் பாதை. ஒரு பக்கம் வெள்ளைக்காரர்கள், மறுபக்கம் இவர்கள். அம்மா தினமும் பாதையைத் தாண்டிப் போய் வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைத்தாள். வாக்காளர் பட்டியலில் பேரைப் பதியப் போனால், சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்து வாசித்து விளக்கம் சொல் என்பார்களாம். வெள்ளைக்காரருக்கு அந்தப் பரீட்சை கிடையாது, அல்லது இருந்தும் இல்லாத மாதிரி. அம்மா நாலு தடவை போனாளாம். நாலு தடவையும் தோற்றதாகச் சொல்லி அனுப்பினார்களாம்.

நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்கப் பெண்கள் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள். நடுவிலிருந்து ஒருத்தி, "நம்மள்ட்ட துண்டு கேட்டாங்க, இவங்கள்ட்ட பாடம் கேட்ருக்காங்க" என்றாள். எல்லோரும் 'உச்' கொட்டினார்கள்.

துண்டு என்றால் பிரஜா உரிமைக் காகிதம். என் அம்மாவிடமும் அதைத்தான் கேட்டார்கள். உன் அப்பன் எங்கே பிறந்தான், அதற்கு என்ன அத்தாட்சி என்று. இந்த மண்ணில் பிறந்து, இந்த மலையிலேயே கொழுந்து எடுத்தவளுக்கு, ஓட்டுப் போடும் உரிமை தலை நரைத்த பிறகுதான் கிடைத்தது. முதல் ஓட்டுக்குப் போன அன்று கலியாணச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். பாச்சை உருண்டை மணம் பத்தடி தூரத்துக்கு வீசியது. திரும்பி வந்து மை வைத்த விரலை யாரும் தொடக்கூடாது என்று தூக்கிப் பிடித்துக்கொண்டே சோறு போட்டாள். அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதை நான் டெனிஸுக்குச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிடத்தில் எனக்கு ஏகப் பெருமை. பெருமை எவ்வளவு நேரம் நிற்கும்?

இரண்டு வரி

"உங்களில் யாருக்காவது தேர்தலில் நிற்க ஆசை உண்டா?" என்று டெனிஸ் கேட்டார்.

பிரதேச சபைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். வேட்பாளர் பட்டியலில் இத்தனை பெண்கள் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. எங்கள் பக்கம் தொழிற்சங்கம்தான் கட்சியும்; பெயரைக் கொடுக்கும் பொறுப்பு தோட்டத் தலைவர்களிடம்.

புஷ்பம் எழுந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் மழைக்குக் கட்டிய படங்குச் சாக்கு, தலையில் துண்டு, காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு.

"எனக்கு ஆசை இருக்குங்க. எம்பேரப் போடுங்கன்னு தலைவர்ட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன். அவரு மச்சினிச்சி பேரக் குடுத்திருக்காரு. அந்தப் புள்ள கொழும்புல இருக்கு, மலைக்கு வந்ததே இல்ல. நான் எதுக்கு நிக்கணும்னு கேக்குறீங்களா? சொல்றேன். காலைல மலையேறுனா சாயந்தரம் வரைக்கும் எங்களுக்கு ஒதுங்க எடம் கெடையாது. ஆம்பளைங்க எங்கயும் நின்டுக்குவாங்க. நாங்க என்னா செய்றது? அதுக்குப் பயந்தே யாரும் தண்ணி குடிக்கிறதில்ல. மாசத்துல மூணு நாளு நாங்க படுற பாட்ட ஒரு ஆம்பளைட்ட போயி எப்புடிச் சொல்றது? சொன்னாலும் சிரிக்கிறாங்க. அதான் ஒரு பொம்பள போகணும்குறேன். மலையில நிக்கிற பொம்பள."

மூச்சு விடாமல் பேசினாள். பெண்கள் தலையை ஆட்டினார்கள். பெஞ்சிலிருந்து தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது. தலைவருக்குப் பயந்தேன் என்பது பாதிதான் உண்மை. என் தம்பி மகனுக்குத் தோட்டத்தில் வேலைக்கு அவர்தான் சொல்லி வைத்திருந்தார். மீதிப் பாதி வெட்கம். அமெரிக்காவிலிருந்து வந்தவரிடம் போய், எங்கள் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை என்று எப்படிச் சொல்வது? நாற்காலிக்கு வெள்ளைத் துணி போட்டோமே, அதே புத்திதான் எனக்கும்.

என் அம்மா நீர்க்கடுப்பு வந்து, பிறகு சிறுநீரகம் கெட்டு, நுவரெலியா ஆஸ்பத்திரியில் செத்தவள். ஆயுள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் மலையில் நின்றவள். அவள் பெற்ற மகள் டெனிஸிடம் இங்கிலிஷில் சொன்னது இதுதான்: "பெண்களுக்கு இங்கே சில சிரமங்கள் உண்டு. தலைவர் உதவி செய்கிறார்."

புஷ்பம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலிஷ் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் கண்ணும் காதும் இருக்கிறதே.

"என்னாங்க டீச்சர்? நான் இம்புட்டு நேரம் பேசுனேன். நீங்க ரெண்டு வரியில முடிச்சிட்டீங்க?"

"இங்கிலிஷ்ல அப்படித்தான், சுருக்கமா வரும்" என்றேன்.

பாவி, அதையும் சொன்னேன்.

தலைவரின் பரிசு

பஸ்ஸுக்கு நடக்கும்போது தலைவர் கூடவே வந்தார். அவ்வளவு மரியாதை அதற்கு முன் காட்டியதில்லை.

"நல்ல வேள, நீங்க இருந்தீங்க டீச்சர். இல்லாட்டி மானம் போயிருக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மச்சினிச்சி பேரப் போட்டா இவளுங்க வாய மூட மாட்டாளுங்க. நீங்க நில்லுங்களேன். படிச்சவங்க, தோட்டத்துல பொறந்தவங்க. உங்களுக்கு எதிரா ஒருத்தி பேச மாட்டா" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன் தலைவரே" என்றேன்.

யோசிக்க என்ன இருந்தது? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சபைக்கு எந்தச் சேலை கட்டலாம் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். என் நிறத்துக்கு மெரூன் எடுபடும் என்று முடிவுகூடச் செய்துவிட்டேன். பொய் சொல்ல இந்த வயதில் அவசியமில்லை. ஆசைப்பட்டேன்.

மறுநாள் காலை, நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் புஷ்பம். நல்ல சேலை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை.

"வேலைக்குப் போகலையா?" என்றேன்.

"எம்பேருக்குப் பக்கத்து நெரைக்காரிங்க எடுத்துக் குடுப்பாளுங்க. வாங்க, ஸ்டேசனுக்குப் போவோம். அந்தம்மா பத்து மணிக் கோச்சில போறாங்களாமே. நேத்து சொல்லாதத இன்னைக்குச் சொல்லிருங்க."

நிரை என்பது கொழுந்து எடுக்க ஒவ்வொருத்திக்கும் பிரித்துக் கொடுக்கும் தேயிலை வரிசை. ஒருத்திக்கு உடம்புக்கு முடியவில்லை, பிள்ளைத்தாய்ச்சி என்றால், இரண்டு பக்கத்து நிரைக்காரிகளும் தங்கள் கூடையிலிருந்து ஆளுக்கொரு பங்கு கொழுந்து போட்டு அவள் நாட்கூலியைக் காப்பாற்றிக் கொடுப்பார்கள். கங்காணி பார்த்தும் பார்க்காத மாதிரிப் போவார். என் அம்மா காலத்திலிருந்து இருக்கும் வழக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லாத ஒருத்திக்காக, அவள் வாய்ப்பேச்சு போய்ச் சேரவேண்டும் என்பதற்காக அதைச் செய்ததை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

தோசை கருகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

தலவாக்கலை ஸ்டேஷனில்

ரயில் வழக்கம்போலத் தாமதம். பனி மூடிய மேடையில், கடலை வறுக்கும் வாசனையில், டெனிஸ், புஷ்பம், நான் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். எமிலி எட்ட நின்று மலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் புஷ்பம் பேசியதை முழுக்கச் சொன்னேன். ஒதுங்க இடமில்லாததை, மாதத்தின் மூன்று நாட்களை, மச்சினிச்சியை, என் இரண்டு வரியை, எல்லாவற்றையும். டெனிஸ் என்னைத் திட்டவில்லை. பெஞ்சில் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "நான் ஒன்று சொல்கிறேன். அதைப் புஷ்பத்துக்கு ஒன்றும் விடாமல் சொல்லு" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் புஷ்பத்துக்குச் சொன்னேன்.

"இவங்க ஊருல ரூபின்னு ஒருத்தங்க. இவங்களப் போலவே கறுப்புதான். பள்ளிக்கூடம் கூட்டுறவங்க. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தண்ணி சுத்தமா வர்றதில்லைன்னு வீடு வீடா ஏறி எறங்கி, சனங்களச் சேத்தது ரூபிதான். சபைக்கு ஒரு கறுப்புப் பொம்பளையப் போடுவோம்னு கட்சி முடிவு பண்ணிச்சாம். எல்லாரும் ரூபின்னுதான் நெனச்சிருக்காங்க. கட்சிக்காரங்க இவங்கள்ட்ட வந்து, ரூபி படிக்காதவ, அவ பேசுனா சபையில சிரிப்பாங்க, நீ காலேஜ்ல படிப்பிக்கிறவ, நீ நில்லுன்னு..."

நான் நிறுத்திவிட்டேன்.

"ஏன் டீச்சர் நிறுத்திட்டீங்க?" என்றாள் புஷ்பம். "இன்னைக்கும் சுருக்கமா?"

"இல்ல. சொல்றேன். இவங்க சரின்னுட்டாங்க. ரூபிட்ட ஒரு வார்த்த கேக்கல. செயிச்சாங்க. மொதக் கறுப்புப் பொம்பளன்னு பேப்பர்ல போட்டாங்க. தண்ணிப் பிரச்சினையப் பத்தி சபையில நல்லாப் பேசுனாங்களாம். ஆனா அந்தத் தண்ணிய இவங்க அப்பக் குடிக்கல, காலேஜ் வேல கெடச்சதும் வீட்ட வேற பக்கம் மாத்திட்டாங்க. அதுனால விட்டுக் குடுத்துட்டாங்க. தண்ணி அப்படியேதான் வந்துச்சு. ரூபி அதுக்கப்புறம் இவங்க மொகத்துல முழிக்கல. வெள்ளக்காரங்க செஞ்சதுக்கெல்லாம் கணக்கு வச்சிருக்கேன், நான் செஞ்சதுக்குத்தான் வழி தெரியலன்னு சொல்றாங்க."

டெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையில் யாரோ இருமினார்கள். இதோடு நிறுத்திக்கொண்டு ரயிலைப் பற்றிப் பேசியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"புஷ்பம்," என்றேன், "நேத்து தலைவர் என்னைய நிக்கச் சொன்னாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்க என்னா சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"ஆசப்பட்டீங்களா?"

"ஆசப்பட்டேன்."

அவள் முகம் சுருங்கியது. முந்தானையை இழுத்துச் செருகினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆசப்பட்டா படுங்க டீச்சர். யாருக்குத்தான் ஆச இல்ல? ஆனா எங்கிட்டச் சொல்லிட்டுப் படுங்க. தெரியாமச் செய்யாதீங்க" என்றாள்.

அங்கேயே போனை எடுத்துத் தலைவரைக் கூப்பிட்டேன். "தலைவரே, நான் நிக்கல. புஷ்பத்தோட பேரக் குடுங்க. மச்சினிச்சி பேரக் குடுத்தீங்கன்னா நானே லயம் லயமாப் போயி, இது யாரு, எங்க இருக்குற புள்ளைன்னு சொல்லுவேன்" என்றேன்.

"என்னாங்க டீச்சர், ஒங்க நல்லதுக்குச் சொன்னா..." என்றார். தம்பி மகன் வேலையையும் மெதுவாக ஞாபகப்படுத்தினார். அந்த வேலை பிறகு கிடைக்கவில்லை. தம்பி இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு

தலைவர் என் போனுக்கு மசியவில்லை. மூன்று நாள் கழித்து, வேலை முடிந்து, கூடையை இறக்காமல், தோட்டத்தின் மூன்று டிவிஷன்களிலிருந்தும் பெண்கள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். சத்தம் போடவில்லை, சும்மா நின்றார்கள். இருட்டுவதற்குள் பேரை மாற்றிக் கொடுத்தார்.

புஷ்பம் சபைக்குப் போனாள். போனதும் தேன் ஓடவில்லை. மலையில் பெண்களுக்குக் கழிப்பிடம் கேட்டால், தோட்டத்து நிலம் எங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று சபையில் சொன்னார்கள். அது சபையின் வேலை என்று தோட்டத்தில் சொன்னார்கள். கடிதங்கள் சிங்களத்தில் வந்தன. எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவாள். எனக்குச் சிங்களமும் வரும்; வாசித்து, ஒரு வரி விடாமல் சொல்லுவேன். சந்தேகம் வந்தால், "அம்புட்டுத்தானா?" என்று கேட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அந்தக் கேள்வியை நான் சம்பாதித்தது நியாயமாகத்தான்.

டெனிஸ் ஒரு முறை எழுதியிருந்தார். ரூபி வீட்டுக்குப் போனாராம். ரூபி வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டாளாம், உள்ளே வா என்று சொல்லவில்லையாம். மறுபடியும் போவேன் என்று எழுதியிருந்தார்.

போன வருஷம் மேட்டு மலையில் பெண்கள் ஒதுங்க அந்தக் கட்டிடம் எழும்பியது. தகரக் கூரை, இரண்டு அறை, பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. திறப்பு விழாவுக்கு நானும் மூச்சு வாங்க ஏறிப் போனேன். சுவரில் பளிங்குக் கல். அதில் மாணிக்கம் தலைவர் பெயர், இன்னும் நாலு பெரிய மனிதர்கள் பெயர். எல்லாம் ஆண்கள். புஷ்பத்தின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. ரிப்பன் வெட்டும்போது அவளைப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள்.

எனக்கு வயிறெரிந்தது. "இத விடக்கூடாது புஷ்பம்! இப்பவே போயிக் கேக்கிறேன்" என்று கிளம்பினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பேரு கெடக்கட்டும் டீச்சர். கதவு இருக்குல்ல? கொஞ்சம் இருங்க, வந்துர்றேன்."

தலைவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கையில் அவள் கூட்டத்தைத் தாண்டிப் போய் உள்ளே நுழைந்தாள். நான் வெளியே நின்றேன். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. என் அம்மா அந்தச் சத்தத்தை அந்த மலையில் ஒருநாளும் கேட்டதில்லை.